இதுதானே நீங்க கேட்டது

வெள்ளைக்கரட்டு லாரி உரிமையாளர் சங்கத்துக்கு ஒரு புரோகிராம் எழுதித் தருவதாகக் கோயமுத்தூர் கம்பெனி ஒன்று ஒப்புக்கொண்ட வருஷத்தில், அந்த ஊரில் மழையும் பெய்தது, வெங்காயமும் விளைந்தது, முறையைத் தவிர வேறெதிலும் யாருக்கும் பெரிய குறை இருக்கவில்லை. முறை என்றால் லோடு முறை. வந்து நிற்கிற லாரிகளில் எது முதலில் வந்ததோ அதற்கு முதல் லோடு, அடுத்து வந்ததற்கு அடுத்த லோடு. பெங்களூர் லோடு விழுந்தால் அதிர்ஷ்டம், அஸ்ஸாம் லோடு விழுந்தால் தலைவிதி, எது விழுந்தாலும் வாயை மூடிக்கொண்டு ஏற்றிப் போகவேண்டும் என்பது சங்கம் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற கட்டுப்பாடு. ஆபீஸ் சுவரில் ஒரு கரும்பலகை, அதில் சாக்பீஸால் வண்டி நம்பர்கள். கட்டைவிரலை எச்சிலில் நனைக்கத் தெரிந்த எவனும் தன் நம்பரை மேலே ஏற்றிக்கொள்ளலாம் என்பதால் அடிக்கடி யாராவது ஒருவருடைய மண்டை உடைந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் எச்சில் செல்லாது என்று யாரோ சொல்ல, சரி, வைத்துவிடலாம் என்று தீர்மானம் போட்டார்கள்.

கம்பெனி அனுப்பிய பெண்ணின் பெயர் வேதநாயகி. நாற்பதைத் தாண்டியவள். அவளுடைய வேலை புரோகிராம் எழுதுவது அல்ல. எழுதுகிறவர்கள் கோயமுத்தூரில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்க, யாருக்காக எழுதுகிறார்களோ அவர்களிடம் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வருவது. கேள்வி சின்னதுதான். ஆனால் இத்தனை வருஷத்தில் அதற்கு நேராகப் பதில் சொன்ன ஒரு மனிதரை அவள் கண்டதில்லை. மனிதர்களுக்குத் தங்களுக்கு என்ன வேண்டாம் என்று மட்டும்தான் தெரியும், அதுவும் கொண்டுவந்து முன்னால் வைத்த பிறகுதான் தெரியும். அதனால் அவள் இரண்டு வழக்கங்களை விடாமல் வைத்திருந்தாள். கேட்பவர் கேட்காத எதையும் தானாகச் சேர்க்கமாட்டாள். கேட்டதையெல்லாம் அவர்களுக்கே திரும்ப வாசித்துக் காட்டி, "இதுதானே நீங்க கேட்டது?" என்று நிறுத்தி, ஆமா என்று அவர்கள் வாயால் வரும்வரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கமாட்டாள்.

முதல் கூட்டத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கணக்கு மறக்கக் கூடாது, லீவு கேட்கக் கூடாது, ஆள் பார்த்து மாறக் கூடாது, வண்டி நம்பரைப் பார்த்ததும் தெரியவேண்டும், காசு வாங்கக் கூடாது, வெற்றிலை போட்டுச் சுவரில் துப்பக் கூடாது என்று ஆளுக்கொன்றாய் அடுக்க, சங்கத் தலைவர் பொங்கியண்ணன் நடுநடுவே, அம்மிணிக்கு விளங்குற மாதிரி சொல்லுங்கப்பா என்று அதட்டிக்கொண்டே இருந்தார். வேதநாயகி எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வாசித்துவிட்டுத் தன் கேள்வியைக் கேட்டாள். ஆமாங்க என்று கூடம் அதிரச் சொன்னார்கள். தலையை நிமிர்த்திப் பார்த்தபோது, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்து பெஞ்சில், அதற்கு முன் அங்கே இல்லாத ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். இடுப்பில் ஒரு காக்கித் துணி. முகம் இன்னும் முடியாத வீட்டின் பூச்சு மாதிரி ஈரமாக இருந்தது. டீ சாப்பிடறீங்களா என்று கேட்டார்கள். "லீவு வேண்டாமுங்க" என்றான்.

யாரும் மிரளவில்லை. கம்பெனி மாதிரிக்கு ஒன்றை அனுப்பியிருக்கிறது என்று பொங்கியண்ணன் சொன்னார். மறுநாளிலிருந்து அவனுக்கு மாதிரி என்பதே பெயராயிற்று. வேதநாயகி தன் மேனேஜருக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னபோது அவரும், நல்லதாப்போச்சு, பார்த்துச் சொல்றது சுலபம், என்ன மாத்தணுமோ கேட்டு எழுதிட்டு வாங்க, தீபாவளிக்குள்ள கையெழுத்து வாங்கிருங்க என்றார்.

முதல் வாரம் மாதிரிக்குக் குங்குமம் வைத்தார்கள். புது வண்டி எடுத்தவர்கள் அவன் காலடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிவிட்டுப் போனார்கள். டிரைவர்கள் சண்டையில் அவன்மேல் சத்தியம் செய்தார்கள், பேச்சு வராத பிள்ளைகளைக் கூட்டிவந்து அவன் மடியில் உட்கார வைத்தார்கள். இரண்டாவது வாரத்தில் அவன் மேல் குடையை மாட்டத் தொடங்கினார்கள். அதற்கப்புறம் கூட்டங்கள் ஆரம்பித்தன.

பரவாயில்லீங்க, ஆனா, என்றுதான் ஒவ்வொரு கூட்டமும் தொடங்கும். டிரைவர்கள் சொல்கிற சாக்கு அவன் காதில் விழக்கூடாது என்றார்கள். வேதநாயகி வாசித்துக் கேட்டு அவர்கள் ஆமா சொன்னதும், அவன் இடது காதின்மேல் பால் ஆடை படிவதுபோல் தோல் படிந்து மூடிக்கொண்டது. அடுத்த கூட்டத்தில், ஆக்சிடென்ட் என்றால் மட்டும் கேட்கவேண்டும் என்றார்கள்; அந்தத் தோல் கிழிந்து வழி விட்டது. ஆபீசிலும் இருக்கவேண்டும், பைபாஸ் எடைமேடையிலும் இருக்கவேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து அவனுடைய வலது கால் எடைமேடை ஓரத்தில் தனியாக நின்றது, எடை போடுகிறவர் அதன் முழங்காலில் தன் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டார். வண்டி நம்பர்கள் எல்லாம் அவன் முதுகில் கொப்புளம் கொப்புளமாக எழும்பின. ஒருவர் வண்டியை விற்றுவிட்டால் அந்தக் கொப்புளத்தைச் சுரண்டி எடுக்கவேண்டி வந்தது. கேட்காமல் பேசக்கூடாது என்று ஒருநாள் சொல்லி, கேட்பதற்கு முன்னாலேயே சொல்லவேண்டும் என்று இன்னொரு நாள் சொன்னதில் அவன் உதடுகள் ஒட்டுவதும் பிரிவதுமாகக் கந்தலாகிப்போயின.

ஒவ்வொரு ஆமாவுக்கும் அவன் கத்தினான். அடிபட்ட மாட்டின் கத்தலும் இல்லை, மனிதனுடையதும் இல்லை. கேட்டவர்களுக்குத் தங்கள் பல்லுக்குள் யாரோ ஊசி வைத்ததுபோல் இருந்தது. ஊர் அதற்கும் வழி கண்டுபிடித்தது. கூட்டத்தை மாவு மில் ஓடுகிற நேரத்துக்கு மாற்றினார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், சங்கத்து வாசலில் செருப்புகள் சேர்வதைப் பார்த்ததும் பிள்ளைகளை எழுப்பி நிறுத்திப் பாடவைத்தார். அந்த வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாவட்டப் போட்டியில் பரிசு வாங்கினார்கள், அவ்வளவு பயிற்சி. கத்துகிறானே என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், வேலை நடக்குதுங்க என்பார்கள்.

வேதநாயகிக்கு மட்டும் அது பழகவில்லை. கோயமுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிற வழியெல்லாம் அந்தக் கத்தல் அவள் கூடவே வந்தது. வாசிப்பது அவள் வாய்தான். கேட்பதும் அவள் வாய்தான். தான் வராவிட்டால் கம்பெனி வேறொருவனை அனுப்பும், அவன் இன்னும் வேகமாக வாசிப்பான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையாகவும் இருந்ததால் அதைத் தாண்டி யோசிக்க முடியவில்லை.

ஒருநாள் கூட்டம் முடிந்து எல்லோரும் டீக்கடைக்குப் போனபின், மாதிரி அவளைப் பார்த்து, அடுத்த கூட்டம் எப்பங்க என்று கேட்டான். அவள் வியாழக்கிழமை என்றாள்.

"ஒரேயடியாக் கேட்டுக்கச் சொல்லுங்க. தவணை முறையில வேண்டாமுங்க."

அவங்களுக்கே இன்னும் தெரியலை, தெரிஞ்சாத்தானே கேட்பாங்க என்றாள் அவள். அவன் புரிந்ததுபோல் தலையை ஆட்டினான். யார் என்ன சொன்னாலும் தலையாட்டவேண்டும் என்று போன வாரம்தான் கேட்டிருந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை, தன் உத்தியோக வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் கேட்காத ஒன்றை வேதநாயகி கூட்டத்தில் எடுத்தாள். அவருக்கு வலிக்கக்கூடாது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாமா, உங்களுக்கு அதனால் எந்த இடைஞ்சலும் இல்லை, எழுதினால் நடந்துவிடும், நீங்கள் ஆமா என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள். ஒற்றை லாரி வைத்திருக்கிற சம்பூரணம் என்கிற அம்மாள், புருஷன் செத்தபின் அவன் நாற்காலியில் உட்காருகிறவள், ஒவ்வொரு அஸ்ஸாம் லோடும் எப்படியோ அவள் வண்டிக்கே விழுகிறவள், பாவமுங்க, சேர்த்துக்கலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். பொங்கியண்ணன் அவளைப் பார்த்துச் சிரித்தார், கோபமில்லாத சிரிப்பு.

"ஏனுங் அம்மிணி, வலி இல்லீன்னா பயம் எப்படிங்க இருக்கும்? பயமில்லாத ஆளைக் கொண்டாந்து முறை போட உக்கார வெச்சா நாளைக்கு நம்மளையே எந்திரிச்சு நில்லும்பான். எம்பட வண்டில கிளீனரு ஒருத்தன் இருந்தான், அடிச்சா அழமாட்டான். ஒரே மாசத்துல நிறுத்திப்போட்டேன்."

வரி வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். வரி தோற்றது. சம்பூரணமும் கடைசியில் கையைத் தூக்கவில்லை.

ஆயுதபூசைக்கு முன்னால் ஒருநாள் வெள்ளோட்டம் வைத்தார்கள். அதுவரை கேட்டவை எல்லாம் மாதிரிக்குள் இருந்தன, அவை எல்லாவற்றையும் அவன் செய்தான். ஆள் பார்த்து மாறவில்லை. மறக்கவில்லை. காசு வாங்கவில்லை. சம்பூரணத்தின் வண்டிக்கு அவள் நினைவு தெரிந்து முதல்முறையாகப் பெங்களூர் லோடு விழுந்தது, பொங்கியண்ணனின் புது டாரஸ் லாரி அஸ்ஸாமுக்கு எழுதப்பட்டது. இதைத்தான் கேட்டோம், இதைத்தான் கேட்டோம் என்று எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கினார்கள், வேப்பங்கொழுந்தை மென்றதுபோல் இருந்தது அவர்கள் முகம். அன்று மாதிரிக்கு மாலை போட்டார்கள். ஒருவரும் அவன் முகத்தைப் பார்த்துப் போடவில்லை.

அதற்கப்புறம் கூட்டம் கூடவில்லை. ஃபோன்தான் வந்தது. இது கூட்டத்துல சொல்ற விசயமில்லீங்க என்று ஆரம்பித்து ஒவ்வொருவரும் வேதநாயகியிடம் தனித்தனியாக ஒன்றைச் சொன்னார்கள், எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள். முறை இருக்கட்டும், நல்ல முறைதான், ஊருக்கெல்லாம் அதுவே இருக்கட்டும், எம்பட வண்டி மட்டும் முதல்ல வர்ற மாதிரி உள்ளார ஒரு சின்ன ஏற்பாடு. ஒருவர் தன் தியாகத்தைச் சொன்னார், ஒருவர் தன் சர்க்கரை வியாதியைச் சொன்னார், ஒருவர் சங்கக் கட்டடத்துக்குத் தன் அப்பன் கொடுத்த ஜல்லியைச் சொன்னார். கடைசியாகச் சம்பூரணம் பேசினாள். "ஒருக்கா வந்துருச்சு அம்மிணி. அந்த ருசி தெரிஞ்சு போச்சு. இனி எப்பவும் அப்படியே வர்ற மாதிரி பண்ணிப்போடுங்க. எனக்கு யாரு இருக்கறாங்க?"

இத்தனை மாதம் கூட்டம் போட்டு, இத்தனை கத்தலையும் தாண்டி, அவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது என்று வேதநாயகிக்குத் தெரிந்தது. இத்தனை முதல்களை ஒரே உடம்பில் வைத்தால் அந்த உடம்பு என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. மேனேஜரிடம் சொன்னாள். கேட்கிறவங்க கேட்கிறாங்க, நமக்கென்ன, கையெழுத்து வாங்குங்க என்றார் அவர். அவள் நேராகப் பொங்கியண்ணன் வீட்டுக்குப் போய், எல்லோரும் கேட்டதை எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள், அதற்குப் பதிலாக வலிக்கக்கூடாது என்கிற அந்த ஒரு வரியை ஒப்புக்கொள்ளுங்கள் என்றாள். அவர் வெகுநேரம் காதைக் குடைந்தார். "சரி, அம்மிணி ஆசைப்படறீங்க. போட்டுக்குங்க. எழுத்துல ஒரு வரி கூடினா என்ன குடியா முழுகிப்போயிரும்?"

அவரே ஏற்பாடும் சொன்னார். ஒருவர் கேட்டது இன்னொருவருக்குத் தெரியக்கூடாது. ஆகவே கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொருவராகக் கூடத்துக்குள் வரட்டும், தன்னுடையதைக் கேட்டு ஆமா சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போகட்டும். பின்வாசலில் பந்தல், பந்தலில் பிரியாணி.

வேதநாயகி அன்று ஒரு தவறு செய்தாள், வேறு தொழில்காரர் யாரும் செய்யமுடியாத தவறு. அவளுடைய கம்பெனியில் தேவைகளை எழுதுவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு: தனித்தேவைகள் முதலில், முக்கியஸ்தர் தொடங்கி வரிசையாக; எல்லோருக்கும் பொதுவானவை கடைசியில். கை பழகிய ஒழுங்கு. வலிக்கக்கூடாது என்பது யாருடைய தனித்தேவையும் அல்ல, அதனால் அது பொதுவில், கடைசிப் பக்கத்தில், கடைசி வரியாகப் போய் உட்கார்ந்தது. அதை அவள் நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

முதலில் பொங்கியண்ணன் வந்தார். அவள் வாசித்தாள், கேட்டாள், அவர் ஆமா என்றார். மாதிரியின் தலை தோளிலிருந்து கழன்று, முறம்போல் விரித்திருந்த அவர் துண்டில் விழுந்தது. அவர் அதை மூட்டை கட்டிக்கொண்டு, வாசனை தூக்குது அம்மிணி, சீக்கிரம் வாங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்தவருக்கு வலது கை, முறையைச் சுட்டுகிற விரல்களோடு. அடுத்தவருக்கு இடது கை, அதற்கடுத்தவருக்கு இடது கால். அப்புறம் வந்தவர்களுக்கு முதுகு, அவரவர் வண்டி நம்பர் இருந்த அளவுக்கு, துணிக்கடையில் கிழிப்பதுபோல் நேராகக் கிழிந்து. பின்வாசலில் நின்ற பொங்கியண்ணன் காரில் மூட்டைக்குள்ளிருந்து அவன் கத்துகிற ஒவ்வொரு தடவையும் அவள் வேகமாக வாசித்தாள். வேகமாக வாசித்தால் கடைசி வரி சீக்கிரம் வரும். பள்ளிக்கூடத்தில் அன்று விடுமுறை, ஆகையால் பாட்டில்லை. சம்பூரணத்தின் முறை வந்தபோது கூடத்தில் ஒன்றும் மிச்சமில்லை. எடைமேடையில் ஒரு கால் இருக்குதுங்கம்மா என்றாள் வேதநாயகி. சம்பூரணம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிடாமலேகூட, பைபாசுக்கு நடந்தாள்.

கடைசிப் பக்கம். அவருக்கு வலிக்கக்கூடாது. வேதநாயகி வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "இதுதானே நீங்க கேட்டது?"

கூடத்தில் நாற்காலிகள் மட்டும் இருந்தன.

பந்தலில் சத்தமாக இருந்தது. அவள் தாளை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் நின்று வாசித்தாள். வாய் நிறையச் சோறோடு, இருங்க சாப்பிட்டுட்டு வந்தர்றேன் என்றார்கள். எலும்பைக் கடித்தபடி, அதான் கையெழுத்துப் போட்டாச்சே என்றார்கள். சாப்பிட்டவர்கள் அதற்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள், இடம் தராமல் ஹாரன் அடித்துக்கொண்டார்கள். கை கழுவுகிற இடத்தில் பொங்கியண்ணன் அகப்பட்டார். அவர் ஈரக்கையை உதறிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து மனம் இளகி, "எம்பட பங்குக்கு ஆமாங்க அம்மிணி" என்றார்.

அவருடைய காருக்குள் கத்தல் நின்றது.

கத்துவதற்கு வாய் இருந்த ஒரே துண்டு அதுதான். மற்றவை கைகள், தோல், கால்கள். அவை டிக்கிகளுக்குள்ளும் சீட்டுகளுக்கு அடியிலும் துடித்துக்கொண்டே ஊரின் எல்லாத் திசைகளுக்கும் போயின, அவற்றிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆகையால் வேலை நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் அவருடைய துண்டு, உங்க வண்டிதான் முதல் என்று தினமும் காட்டியது, எல்லா லாரிகளும் முதல் லாரியாகவே மார்க்கெட் கேட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றன, மண்டைகள் முன்னைப்போலவே உடைந்தன. புரோகிராமை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. தீபாவளிக்கு மேனேஜர் வேதநாயகிக்கு ஒரு டப்பா இனிப்பு கொடுத்தார்.

கார்த்திகை மாதம் பொங்கியண்ணன் ஃபோன் செய்தார். ஒரு சின்ன மாத்தம் அம்மிணி, என்றார். மற்றவர்களுடையது எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது, தன்னுடையது மட்டும் கிறுக்குப் பிடித்ததுபோல், உங்க வண்டி இன்னைக்குக் கடைசிங்க, நேத்தும் கடைசிங்க என்று வந்த விருந்தாளிகளுக்கு முன்னால் சிரித்துக்கொண்டே சொல்கிறது. வலி போனால் பயமும் போய்விடும் என்று அன்றைக்கே சொன்னேன் இல்லையா என்றார், கோபமில்லாமல்.

வேதநாயகி போனாள். வரவேற்பறையில், டிவிக்கு மேலே, கண்ணாடி ஷோகேஸில், சங்கம் கொடுத்த கேடயங்களுக்கு நடுவில் மாதிரியின் தலை இருந்தது. தலை சீவிவிட்டிருந்தார்கள். உதட்டுப் புண்கள் ஆறியிருந்தன. அவளைக் கண்டதும் அதன் முகம் மலர்ந்தது. அந்த முகத்தில் அப்படி ஒன்று வரும் என்று அவளுக்குத் தெரியாது.

"வாங்க, வாங்க. சாப்பிட்டீங்களா?" என்றது. "இப்பெல்லாம் எனக்குத் தூக்கம் வருதுங்க. கண்ணை மூடினா ஒண்ணுமே இல்லை, மெத்துன்னு இருக்குது. இப்படி ஒண்ணு இருக்குதுன்னு யாருமே சொல்லலியே. நீங்க எழுதினதுதானாமே. அவங்களுக்கும் எழுதிட்டீங்களா, கைக்கும் காலுக்கும்?"

பொங்கியண்ணன் சோபாவில் நகர்ந்து இடம் கொடுத்தார். அவருடைய மனைவி ருக்குமணி காபி டம்ளரோடு வந்து, உக்காருங்க கண்ணு, வெய்யில்ல வந்திருக்கறீங்க என்று மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். வேதநாயகி பையிலிருந்து தாளை எடுத்தாள். ஒரே ஒரு வரி. இந்த வேலைக்குத் தான் வராவிட்டால் வேறொருவன் வருவான் என்று நினைத்துக்கொண்டாள், அவன் இவ்வளவு மெதுவான குரலில் வாசிக்கமாட்டான் என்றும் நினைத்துக்கொண்டாள். வாசித்தாள். ஷோகேஸில் சிரிப்பு இன்னும் கலையவில்லை. தன்னைப் பற்றி ஏதோ நல்லது பேசுகிறார்கள் என்று அது காத்துக்கொண்டிருந்தது.

அவள் கேட்டாள். ஆமாங்க என்றார் பொங்கியண்ணன்.

கண்ணாடி அதிர்ந்தது, கேடயங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. பொங்கியண்ணன் எழுந்துபோய் ஷோகேஸின் கதவை இழுத்துச் சாத்தினார். ருக்குமணி டம்ளரை நீட்டியபடி, சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டும் என்று குரலை உயர்த்தி, "சர்க்கரை போதுமாங்க?" என்றாள்.

வேதநாயகி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"போதுங்க" என்றாள்.